பயிற்சி மருந்தாளரை யார் பார்க்கிறார்கள்?

மெதொட்ரெக்சேற் என்றொரு குளிசை இருக்கிறது. மூட்டுவாதத்துக்குக் குடுப்பார்கள். கிழமைக்கு ஒருக்கால்தான் போட வேணும். ஒவ்வொரு நாளும் போட்டால் என்பு மச்சை பழுதாகி ஆளே போகலாம். டொக்டர் துண்டில் சரியாகத்தான் எழுதியிருப்பார். உறையிலும் ‘கிழமைக்கு ஒருமுறை’ என்று இருக்கும். ஆனால் வாங்கிக்கொண்டு போகிற அம்மாவின் மனதில், பிரசர் குளிசை மாதிரி இதுவும் தினமும் போடுகிற ஒன்றுதான். அந்த நினைப்பைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டியவர் பாமசி யன்னலுக்குப் பின்னால் நிற்கிற மருந்தாளர். அவருக்கு அது வருமா வராதா என்பதை எழுத்துப் பரீட்சையால் அளக்க ஏலாது.

எங்கள் நாட்டில் மருந்தாளராக வர ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணம், பேராதனை, ருகுணை போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்கலாம். இல்லாவிட்டால் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரிடம் தொழில் பழகிப் பரீட்சை எழுதலாம். எந்தப் பாதையில் போனாலும் ஆஸ்பத்திரியிலோ பாமசியிலோ கொஞ்சக் காலம் நிற்கத்தான் வேணும். அந்தக் காலம் எப்படிக் கழிகிறது? எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான்: குளிசை எண்ணினோம், உறையில் எழுதினோம், கடைசிக் கிழமை லொக் புத்தகத்தில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரேயடியாகக் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்து வைத்தவர் அவர்கள் ஒரு நோயாளியோடு கதைத்ததை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இதை மதிப்பீடு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

பார்த்து மதிப்பிடுகிற முறை ஒன்றும் புதிசில்லை. 1990இல் ஜோர்ஜ் மில்லர் மருத்துவக் கல்விக்கு ஒரு கூம்பு வரைந்தார். அடியில் ‘தெரியும்’, உச்சியில் ‘செய்கிறார்’. பரீட்சை மண்டபம் அடிப்படிகளைத்தான் அளக்கும், உச்சியை வேலைத்தளத்தில்தான் பார்க்கலாம். 1995இல் அமெரிக்காவில் மினி-சி.ஈ.எக்ஸ் என்ற முறை வந்தது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, பயிலுநர் உண்மையான நோயாளி ஒருவரைக் கையாள்வதை இருபது நிமிசம் அளவில் பார்ப்பார். முடிந்த கையோடு எது நல்லது, எது பிழை என்று அவரிடமே சொல்லுவார். டொக்டர்மாருக்காக வந்த இந்த முறையைப் பிரித்தானியாவில் மருந்தாளர் பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி நின்று பார்த்தால் என்ன தெரியும்? இழுப்புக்குக் குடுக்கிற கப்சூலை எடுத்துக்கொள்ளுங்கள். அது கருவியில் போட்டு மூச்சோடு உள்ளிழுக்கிற மருந்து. தண்ணியோடு விழுங்குகிற ஆக்கள் இருக்கினம். “விளங்கிச்சா ஐயா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “வீட்டில எப்பிடிச் செய்வீங்கள், ஒருக்கால் செய்து காட்டுங்கோ” என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் உண்மை தெரியவரும். இரண்டு கேள்விக்கும் இடையில் உள்ள தூரம் எந்த லொக் புத்தகத்திலும் பதிவாகாது. 2022 தட்டுப்பாட்டு நாட்களையும் யோசித்துப் பாருங்கள். ஒரே மருந்து வேறு நிறத்தில், வேறு பெட்டியில் வந்தால் “இது என்ர குளிசை இல்லை” என்று அந்தரப்படுகிறவரைச் சமாளிப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதானே.

மொழியையும் விட ஏலாது. பாடம் ஆங்கிலத்தில், துண்டும் ஆங்கிலத்தில், வந்து நிற்கிறவரோ தமிழர் அல்லது சிங்களவர். நுவரெலியாத் தோட்டத்திலிருந்து கண்டிக்குக் கிளினிக் வருகிற அம்மாவுக்கு ‘சாப்பாட்டுக்கு முதல்’ என்பதை அவருடைய மொழியில் சொல்லத் தெரியாத மருந்தாளர், மருந்தியலில் எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் எங்கள் கணக்கில் இன்னும் தேறவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்து அம்பாந்தோட்டையில் வேலைக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான்.

“நேரம் எங்க இருக்கு?” என்று மூத்த மருந்தாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யன்னலுக்கு முன்னால் வரிசை வாசல் மட்டும் நிற்கும்போது யாரும் ஒதுங்கி நின்று பிள்ளையைக் கவனிக்க ஏலாது. அதனால் ஒவ்வொரு நாளும் கேட்கவில்லை. ஒரு பயிலுநருக்கு மாதத்தில் இரண்டு தடவை, சன நெரிசல் குறைந்த பின்னேரத்தில் இருபது நிமிசம். அந்த நேரத்தை மூத்தவரின் கடமை நேரத்துக்குள் எழுத்தில் சேர்க்க வேணும். சேர்க்காவிட்டால் அதுவும் இன்னொரு கையெழுத்தாகப் போய்விடும். கவனித்ததை அன்றைக்கே பிள்ளைக்குச் சொல்ல வேணும், ஆனால் சனத்துக்கு முன்னால் ஏசக்கூடாது. குறைந்தது ஒரு தடவையாவது அந்த நோயாளி பயிலுநரின் தாய்மொழி பேசாதவராக இருக்கட்டும்.