ஒரே பைட்டில் இரண்டு பதில்கள்

சர்வரில் நினைவகம் என்றால் மதர்போர்டில் செருகும் ரேம் பட்டை மட்டும்தான் என்ற நிலை இப்போது இல்லை. 2019-இல் வெளியான சிஎக்ஸ்எல் என்ற இணைப்புத் தரத்தின்படி, பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தின் வழியாகவும் நினைவகத்தைச் சேர்க்கலாம். அந்த நினைவகச் சாதனத்துக்குள் ஃபர்ம்வேர் இயங்குகிறது. சாதனத்திலேயே தங்கி அதை இயக்கும் மென்பொருளுக்குத்தான் இந்தப் பெயர்.

ஃபர்ம்வேரை வைப்பதற்குச் சாதனத்தில் ஸ்லாட் எனப்படும் இடங்கள் உண்டு, அதிகபட்சம் 4. ஒன்றில் உள்ளது இயங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் புதியதை எழுதிவைக்கலாம். எழுதுவது பாதியில் நின்றாலும் ஓடிக்கொண்டிருப்பதற்குச் சேதமில்லை.

எந்த ஸ்லாட்டில் எந்தப் பதிப்பு உள்ளது என்று நிர்வாகிக்குத் தெரிய வேண்டும். கேட்டால் சாதனம் 80 பைட் அளவுள்ள பதிலைத் தருகிறது. லினக்ஸில் உள்ள ஒரு கருவி அதைப் பிரித்துத் திரையில் காட்டுகிறது. இந்தக் கருவியின் நிரலைச் சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பார்ப்பார். அதுதான் கோட் ரிவ்யூ.

எதையும் மாற்றாமல் படித்துக் காட்டுவது மட்டுமே கருவியின் வேலை என்பதால், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பதிலின் இரண்டாவது பைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 17 என்று வருகிறது. பிட்டுகளாக எழுதினால் 00 010 001. கடைசி மூன்று பிட்டுகள் இப்போது இயங்கும் ஸ்லாட்டைச் சொல்கின்றன: 1. அதற்கு முந்தைய மூன்று, மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது இயங்கக் காத்திருக்கும் ஸ்லாட்டைச் சொல்கின்றன: 2. எழுதியவர் நடு மூன்று பிட்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டு, வலப்பக்கம் மூன்று இடம் நகர்த்த மறந்தால் விடை 16 ஆகிவிடும். நாலே ஸ்லாட் உள்ள சாதனத்தில் பதினாறாவது ஸ்லாட்!

காத்திருக்கும் ஸ்லாட் 0 என்று வந்தால், எதுவும் காத்திருக்கவில்லை என்று பொருள். ஸ்லாட் எண்கள் 1-இல்தான் தொடங்குகின்றன. 0-இலிருந்து எண்ணிப் பழகிய நிரலாளரின் கை தடுமாறும் இடம் இது. ரிவ்யூ செய்பவர் இங்கே சற்று நின்று படிப்பார்.

அடுத்தது பதிப்பின் பெயர். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 16 பைட் ஒதுக்கியிருக்கிறது. நான்கும் அடுத்தடுத்து உள்ளன. கருவி எழுதப்பட்ட சி மொழியில் ஒரு சொல் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம், அதன் கடைசியில் வரும் பூஜ்ய பைட். பெயர் 16 எழுத்தையும் நிறைத்துவிட்டால் அந்தப் பூஜ்யத்துக்கு இடமில்லை. அச்சிடும் கட்டளை நிற்காமல் அடுத்த ஸ்லாட்டின் பெயரையும் சேர்த்தே காட்டும். 17 பைட் இடத்தில் நகலெடுத்து, கடைசி பைட்டைப் பூஜ்யமாக்கினால் போதும்.

இதைச் சோதனையில் பிடித்துவிடலாமே என்று கேட்கலாம். லினக்ஸில் சிஎக்ஸ்எல் சோதனைக்கென ஒரு போலிச் சாதனம் உண்டு. அது தரும் பதிப்புப் பெயர்கள் 15 எழுத்து நீளம். பூஜ்யத்துக்குச் சரியாக இடம் இருக்கிறது. ஆகவே இந்தப் பிழை இருந்தாலும் சோதனை ஓடி முடிந்து, எல்லாம் சரி என்றே சொல்லும். படிக்கும் கண்ணுக்குத்தான் இது படும்.

சாதனம் பதில் தரவில்லை என்றால்? ஃபர்ம்வேர் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற விவரங்களைக் காட்டுவது நல்லது. 0 என்று நிரப்பினால் அதுவும் ஒரு பதிலாகிவிடும்.

கருவி காட்டும் விவரங்களுக்கு வைத்த பெயர்களையும் பார்க்க வேண்டும். கருவி தன் முடிவை ஜேசான் என்ற தரவு வடிவில் தருகிறது. அதை மனிதர்களைவிட ஸ்கிரிப்டுகளே அதிகம் படிக்கும். ஒரு புலத்தின் பெயர் வெளியீட்டோடு போய்விட்டால், பிறகு அதை மாற்றுவது ஊரெல்லாம் உள்ள ஸ்கிரிப்டுகளை உடைப்பதாகும். ஒரு பெயருக்காக ரிவ்யூவில் நாலு முறை வாதம் நடப்பது இதனால்தான்.

சின்ன நிரலுக்கு இவ்வளவு பார்வை தேவையா என்பதில் கருத்து வேறுபடலாம். என் அளவில், பிட் கணக்குக்கும் பெயர்களுக்கும் தேவை. நிரலின் இடைவெளி அலங்காரத்துக்கு அவ்வளவு இல்லை. திரையில் தெரியும் எண்ணை வைத்துத்தான் நிர்வாகி ஒரு சர்வரை நிறுத்தித் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.