மஞ்சள் நீரும் மாம்பழ நிறமும்

பெரியகுளத்து மாம்பழம் கடைத்தெருவுக்கு வரும் பருவம், சிறாருக்கு வேதியியல் மாற்றத்தை விளக்க ஏற்றதொரு காலம். இதற்குப் பள்ளி ஆய்வுக்கூடம் தேவையில்லை, அடுக்களையே போதும்.

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது சிவக்கின்றது. மணமக்களுக்கு எடுக்கும் ஆலத்தித் தட்டில் தாய்மார் காண்பதும் இதுவே. சமையல் சோடாவின்மீது எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைத்தெழும். நிறமாற்றம், வாயு, வெப்பம், வீழ்படிவு ஆகியவை புதுப்பொருள் பிறந்ததன் அறிகுறிகள் எனப் பாடநூல்கள் கூறும்.

எனினும் அறிகுறி வேறு, சான்று வேறு. சோடாப் புட்டியைத் திறந்தாலும் குமிழிகள் எழுகின்றனவே! அங்கே ஏற்கெனவே கரைந்திருந்த வாயுவன்றோ வெளியேறுகின்றது? ஆகவே ஒன்றைக் கண்டதும் முடிவு கட்டாது, மற்றொன்றையும் தேடப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

மாம்பழத்திற்கும் இஃதே விதி. கார்பைடு கல்லின்மீது ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவும் வெப்பமும் வெளிப்படும். எஞ்சுவது நீற்றிய சுண்ணாம்பு. அவ்வாயு மாங்காயின் தோலை மஞ்சளாக்கிவிடும். முற்றாத காயாயின் உள்ளே புளிப்பு அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு, அக்கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுக் கலப்பும் உண்டு. அதனாலேயே 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இவ்வாறு பழுக்க வைத்த கனிகளின் விற்பனையைத் தடை செய்துள்ளன.

கார்பைடைக் கொண்டு மட்டும் எவரும் சோதனை செய்ய வேண்டா. அசிட்டிலீன் தீப்பற்றி வெடிக்கும் இயல்புடையது. கடையில் மாம்பழம் வாங்குகையில், தோலின் மஞ்சளோடு காம்பருகே மணமும் உண்டா என முகர்ந்து பார்க்கும் பணியைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.