சைக்கிளும் கைத்தொலைபேசியும்

ஞாயிறு அதிகாலையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி வழியாக மண்கும்பான் வரை தனியே சைக்கிளில் சென்று திரும்புவது எனது நீண்டகால வழக்கம். சோளகக் காலத்தில் போகும்போது காற்று முகத்தில் அறையும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இந்தப் பயணத்திற்குக் கைத்தொலைபேசியை எடுத்துச் செல்வதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன்.

"இஞ்சருங்கோ, போனை மேசையில விட்டிட்டுப் போறியள்" என்று மனைவி படலை வரை வருவார்.

"தெரிஞ்சுதான் விட்டனான்" என்பேன்.

எனது பக்கத்திலும் நியாயம் இருந்தது. பத்திரிகைக்காரனுக்குத் தொலைபேசி என்பது கழற்ற முடியாத கயிறு. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அதை அவிழ்த்து வைக்க விரும்பினேன். இன்னொரு காரணத்தையும் சொல்லிக்கொள்வேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதிருந்த குடாநாட்டில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். அக்காலத்தில் எந்தத் தொலைபேசியை நம்பி வீதியில் இறங்கினோம்? பின்னர் சோதனைச்சாவடிகளில் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிச் சென்ற காலத்திலும், மறக்கக்கூடாத ஒரே பொருள் அடையாள அட்டைதான். அதை மறந்தவன் வீடு திரும்புவது நிச்சயமில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில் அந்தக் கொள்கை சரிந்தது. மண்கும்பானுக்கு அண்மையில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் இரத்தம். மோட்டார் சைக்கிளில் வந்த மீனவ இளைஞர் ஒருவர் நிறுத்தி, என்னை நிழலில் இருத்திவிட்டு, தனது கைத்தொலைபேசியில் 1990 இலக்கத்தை அழைத்தார். இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையான அது 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்கிற்கும் வந்தது.

வண்டி வரும்வரை அவர் கேட்டார்: "ஐயா, வீட்டு நம்பரைச் சொல்லுங்கோ, நான் அடிச்சுச் சொல்லுறன்." எனக்கு நினைவு வரவில்லை. நாளுக்குப் பத்துத் தடவை நான் அழைக்கும் மனைவியின் இலக்கம் எனக்குத் தெரியாது! முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தின் இலக்கம் மட்டும் பிசகாமல் வந்தது. அந்த அலுவலகமே இப்போது அங்கு இல்லை. மனைவிக்குத் தகவல் கிடைத்தபோது மூன்று மணி நேரம் கடந்திருந்தது. அந்த மூன்று மணி நேரத்தை அவர் எப்படிக் கழித்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோதுதான் விளங்கியது: நான் தொலைபேசி இல்லாமல் சென்றவன் அல்லன், பிறருடைய சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியை நம்பிச் சென்றவன். தொண்ணூறுகளோடு ஒப்பிட்டதும் தவறு. அன்று வீதியெங்கும் சைக்கிள்காரர்கள் இருந்தார்கள். விழுந்தவனின் தகப்பன் பெயர் சொல்லி வீட்டுக்குச் செய்தி கொண்டுபோக ஊரில் ஆள் இருந்தது. இன்று அந்த வெளியில் விரைந்து செல்லும் வாகனங்கள்தான் அதிகம்.

இப்போது எடுத்துச் செல்கிறேன். ஒலியை நிறுத்தி, கரியர்ப் பையின் அடியில் வைத்துவிடுவேன். வழியில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் மயங்கிக் கிடப்பவனின் பூட்டிய தொலைபேசியால் அவனைக் கண்டெடுப்பவருக்குப் பெரிய பயனில்லை. ஆகவே இரண்டு இலக்கங்களையும் இரத்த வகையையும் எழுதிய தாளொன்று அடையாள அட்டையோடு சட்டைப்பையில் இருக்கிறது.

இலண்டனில் இருக்கும் மகன், நான் எங்கே செல்கிறேன் என்பதைத் தனது திரையில் பார்த்துக்கொள்ளும் வசதியைப் போட்டுத் தரட்டுமா என்று கேட்கிறான். அக்கறையில் கேட்கிறான், தெரியும். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குச் சந்திக்குச் சந்தி பதில் சொல்லி வாழ்ந்தவனுக்கு அது மட்டும் ஒப்பவில்லை. புறப்படும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். அவருடைய இலக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பாலத்தில் எதிர்காற்றுக்கு மிதிக்கும்போது அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு போவேன்.