யாருடைய குரல்?

"தம்பி, பாகலூர் வண்டி வந்தா ஒரு குரல் குடு!"

ஒசூர் பேருந்து நிலையத்துக் கடைப் பையனிடம் இப்படிச் சொல்லிவிட்டு, இரவு ஷிப்டு முடித்த தொழிலாளி பெஞ்சிலே சாய்ந்து கொள்கிறார். வண்டி வருகிறது. பையன் குரல் கொடுக்கிறான். அவர் எழுந்து ஓடுகிறார். நாட்டு வழக்கிலே குரல் கொடுப்பதென்றால் இவ்வளவுதான். ஒருவர் கூப்பிட வேண்டும். அது மற்றவர் காதிலே விழ வேண்டும். கேட்டவர் எழுந்து வர வேண்டும். மூன்றிலே ஒன்று குறைந்தாலும் அது குரல் கொடுத்ததாகாது, வெறும் சத்தம்!

மேடைக்கு வந்ததும் இந்தச் சொல்லுக்கு வேறு சட்டை மாட்டிவிட்டோம். 'ஏழைகளுக்காகக் குரல் கொடுத்தார்', 'தொழிலாளர்களுக்காகச் சட்டசபையிலே குரல் கொடுத்தார்' என்கிறோம். வலி ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு. இது தவறென்று சொல்ல வரவில்லை. பேச முடியாதவனுக்காகப் பேசித்தானே இயக்கங்கள் வளர்ந்தன? ஆனால் சினிமாக்காரர்களும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள், தோழர்களே! திரையிலே வாயசைப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் இன்னொருவர். நமது தீர்மானங்களிலே வரும் 'குரல் கொடுப்போம்' எந்த வகை? கூப்பிடுவதா, பின்னணிக் குரலா?

ஒசூரிலே இந்தக் கேள்விக்கு எடை அதிகம். எல்லை ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஒரே ஆலையிலே நான்கு மொழி. கன்னடத் தோழர் 'தனி எத்து' என்பார். நமக்குத் தனிமை என்று கேட்கும், அங்கே அது 'த்வனி', குரல். தெலுங்குத் தோழர் 'கொந்து எத்து' என்பார். கொந்து என்றால் தொண்டை. இந்தி பேசுபவர் 'ஆவாஸ் உடாவ்' என்பார். மூவருமே குரலை உயர்த்தச் சொல்லுகிறார்கள். அதே இந்தியிலே 'ஆவாஸ் தேனா' என்றும் உண்டு: குரல் கொடுத்தல், கூப்பிடுதல், நம் கடைப் பையன் செய்த அதே வேலை! மொழி நான்கு, பொருள் ஒன்று.

கூப்பிட்டார்கள்; கேட்க ஆளில்லை. அப்புறம் என்ன நடக்கும்? இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

2021 டிசம்பர். திருப்பெரும்புதூர்ப் பக்கம் கைப்பேசி ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியிலே கெட்ட உணவு. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். மருத்துவமனைக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலே உட்கார்ந்தார்கள். ஒசூரைத் தொட்டுக்கொண்டு போகிற அதே சாலை! 2025 நவம்பர். ஒசூருக்குப் பக்கத்திலே நாகமங்கலம். பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையிலே ரகசியக் கேமரா. ஆயிரக்கணக்கிலே பெண்கள் வெளியே திரண்டார்கள். போலீசார் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், கைதும் நடந்தது.

"முதலிலே முறையாகச் சொல்லியிருக்கலாமே!" என்கிறார்கள் மேதாவிகள். யாரிடம்? எந்த வாயால்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நூறு பேர் வேலை செய்யும் இடத்திலே தொழிற்குழு அமைக்க 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமே வழி செய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, இருபது பேர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு வேண்டும், அதிலே சரிபாதி தொழிலாளர் இருக்க வேண்டும், பெண்களுக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டுமல்லவா? பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம் என்ற தகுதி பெற, ஆலையின் மஸ்டர் ரோலிலே உள்ளவர்களில் 51 சதவிகிதம் பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் எங்கே இருக்கிறது? ஒப்பந்தக்காரரின் ஏட்டிலே! முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த வேலைநிறுத்த நோட்டீசு, இப்போது எல்லா ஆலைகளுக்கும் 14 நாள். பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம். குளியலறையிலே கேமராவைக் கண்ட பெண், விடிந்ததும் தோழிகளோடு சேர்ந்து வேலைக்குப் போக மறுத்தால், இன்றைய சட்டம் அவளிடம் நோட்டீசு எங்கே என்று கேட்கும்.

நீதிமன்றத்தின் கணக்கும் இப்படித்தான். அமைதியான ஆர்ப்பாட்டமும் கருத்தை வெளியிடுவதே என்று 1962இல் காமேசுவர் பிரசாத் வழக்கிலே உச்சநீதிமன்றம் ஒப்புக் கொண்டது. அதே தீர்ப்பு, வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்கிலே ஒரு படி மேலே போய், வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்குத் தார்மீக உரிமைகூட இல்லை என்றது. வாய் திறக்கலாம், கை மட்டும் நிற்கக்கூடாது! கை நிற்காதவரை முதலாளியின் காது திறந்த கதை உண்டோ?

சரி, அவர்களைச் சொல்லியாயிற்று. நம்மைச் சொல்ல வேண்டாமா? நிரந்தரத் தொழிலாளியின் சங்கம் ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறது, 'ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுப்போம்' என்று. தீர்மானம் தமிழிலே. வாயிற்கூட்டத்து நோட்டீசு தமிழிலே. விடுதியிலே இருப்பவளோ ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவள். கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிராமத்துப் பெண்ணாயிருந்தால் தமிழ் படிப்பாள். ஆனால் அவளும் வேலை முடிந்ததும் கம்பெனிப் பேருந்திலே ஏறி நேராக விடுதிக்குள் போய்விடுகிறாள். வாயிலிலே நாம் பேசுவது யார் காதுக்கு?

"அவர்கள் மொழியிலே நோட்டீசு போட்டால் நம் கொள்கை என்னாவது?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு, பக்கத்து மிஷினிலே நிற்பவளோடு பேசுவது வேறு. அவளுக்கு விளங்காத நோட்டீசு முதலாளிக்குத்தான் லாபம்.

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை. குறைதீர்க்கும் குழு எந்தெந்த ஆலையிலே அமைந்திருக்கிறது, அதிலே பெண்கள் எத்தனை பேர், அவர்களைத் தேர்ந்தெடுத்தது தொழிலாளரா, நிர்வாகமா என்று இந்த மாதத்திற்குள் விசாரித்து எழுதுங்கள். அடுத்த நோட்டீசு தமிழோடு கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியாவிலும் அச்சாகட்டும். மேடையிலே நாம் பத்து நிமிடம் குறைத்துப் பேசி, அந்தப் பத்து நிமிடத்தை விடுதியிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குக் கொடுப்போம். அவள் மொழி தெரிந்த தோழர் பக்கத்திலே நின்று தமிழிலே சொல்லட்டும். விடுதிப் பெண்களுக்கு வார விடுமுறை எந்தக் கிழமை என்று கேட்டறிந்து கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள்.