ஒரே ஒரு தாத்தாவை மட்டும் கொண்டாடினா எப்படி?

டிஎன்ஏ பத்தி நம்ம ஊர்ல யார் பேச ஆரம்பிச்சாலும் அஞ்சாவது நிமிஷம் பேச்சு சாதியில போய் நிக்கும். மயிலாப்பூர் மெஸ்ஸா இருந்தாலும் சரி, அடையாறு ஆபீஸ் கேன்டீனா இருந்தாலும் சரி. ஒருத்தர் "நாங்கதான் இந்த மண்ணோட முதல் ஆளுங்க, டெஸ்ட்லயே வந்துடுச்சு"ம்பார். எதிர்ல இருக்கிறவர் "ஆரியர் வந்தாங்கங்கறதே கட்டுக்கதை, ராக்கிகடி எலும்பே சொல்லிடுச்சு"ம்பார். அந்த ஆராய்ச்சிகளைப் பொறுமையா படிச்சா ரெண்டு பேருக்குமே அதுல ஆறுதல் இல்லைங்கறதுதான் என் கட்சி.

மதுரையில இருந்து ஆரம்பிப்போம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் அமெரிக்காவின் ஸ்பென்சர் வெல்ஸும் சேர்ந்து செய்த ஆய்வு உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்களில் எடுத்த ரத்த மாதிரிகளில் எம்130 என்கிற அடையாளம் கிடைச்சது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாவே நடந்து, ஏறத்தாழ 50,000 வருஷங்களுக்கு முன்னால் ஆஸ்திரேலியா வரைக்கும் போன கூட்டத்தோட தடயம் இதுன்னு வெல்ஸ் விளக்கினார். அவரோட ஆவணப்படத்திலும் மதுரை வந்தது. உடனே நம்மாளுங்க "முதல் இந்தியன்"னு பட்டம் கொடுத்துட்டாங்க.

அந்த அடையாளம்னா என்ன? அப்பாகிட்டருந்து பையனுக்குப் போற ஒய் குரோமோசோமில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு, அவ்வளவுதான். ஹாஸ்டல்ல ரெக்கார்ட் நோட்டைக் காப்பி அடிக்கிற கதை. பத்து நோட்டுல ஒரே இடத்துல ஒரே எழுத்துப்பிழை இருந்தா, பத்தும் ஒரே நோட்டுல இருந்து வந்ததுன்னு லேப் அசிஸ்டென்ட் கண்டுபிடிச்சுடுவார். ஆனா அதே பிழை மங்கோலியாவிலயும் இருக்கு, கஜகஸ்தான்லயும் இருக்கு, ஆஸ்திரேலியப் பழங்குடிகள்கிட்டயும் இருக்கு. செங்கிஸ்கான் வம்சம்னு 2003-ல் பரபரப்பா பேசப்பட்ட வகைகூட இதே எம்130-ன் ஒரு கிளைதான். எந்த சாதிச் சங்கமாவது செங்கிஸ்கானையும் போஸ்டர்ல போடுமா?

இன்னொரு விஷயம். பத்து தலைமுறை பின்னால போனா உங்களுக்கு 1024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் அதுல ஒரே ஒருத்தரோட கதையைத்தான் சொல்லுது. அவர் நேர் அப்பா வழியில வர்றார்ங்கறதுனால மட்டும். மிச்சம் 1023 பேர்? ஒரு பெரிய ப்ராஜெக்ட்ல ஒரே ஒரு ஃபைலோட வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்துட்டு, மொத்த சாஃப்ட்வேரையும் ஒரே ஆள்தான் எழுதினார்னு சொல்ற மாதிரி இது.

அந்த மிச்சப் பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னா முழு மரபணுவையும் படிக்கணும். ஹைதராபாத் சிசிஎம்பியின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2009-ல் அதைத்தான் செஞ்சாங்க. 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேர். பெரும்பாலான சமூகங்களில் ஐரோப்பா, மேற்காசியாவுக்கு நெருக்கமான வடக்கத்திய மூதாதையர் பங்கு 39-லிருந்து 71 சதவீதம் வரைக்கும் இருந்தது. மிச்சம் தென்னிந்திய மூதாதையர். அந்தச் சமூகங்கள்ல சுத்தமா ஒரே பக்கம்னு எதுவுமே தேறலை. மேல்சாதி, கீழ்சாதின்னு யாரை எடுத்தாலும் கலவைதான், விகிதம்தான் வேற.

2019-ல் ராக்கிகடி. ஹரியானாவில் கிடைச்ச எலும்புகளில், வெயில்ல டிஎன்ஏ அழிஞ்சது போக, ஒரே ஒரு பெண்கிட்டதான் தேறிச்சு. சிந்துவெளி காலத்து அந்தப் பெண்ணுக்கு ஸ்டெப்பி புல்வெளி மூதாதையர் பங்கு இல்லை. இதை வச்சு "யாருமே வரலை"ன்னு கொண்டாடினாங்க. ஆனா அதே வாரம் வந்த இன்னொரு பெரிய கட்டுரை, ஸ்டெப்பி மக்கள் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் இங்கே வந்து கலந்தாங்கன்னு சொல்லுது. ரெண்டு கட்டுரையிலயும் சில ஆய்வாளர்கள் பொது! அவங்க வர்றதுக்கு முந்தின காலத்துப் பெண்கிட்ட அவங்க மரபணு எப்படி இருக்கும்? சரி, எதிர்த்தரப்புக்கு வெற்றியான்னா அதுவும் இல்லை. அந்த சிந்துவெளி மக்களும் ஈரான் பக்கத்து மக்களோட உறவுள்ள ஒரு கூட்டமும் இங்கிருந்த ஆதி வேட்டுவர்களும் சேர்ந்த கலவைதான். அவங்க பங்கு இன்னிக்கு தி.நகர் ரங்கநாதன் தெருவுல இடிச்சுக்கிட்டு நடக்கிற கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இருக்கு.

மரபணுவால சொல்ல முடியாததும் உண்டு. பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கோடரி எடுத்தார். அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் கண்டுபிடிச்ச ஒருவகைக் கருவிகளுக்கு வயசு 3,85,000 வருஷம்னு 2018-ல் அறிவிச்சாங்க. நம்மை மாதிரி மனுஷங்க ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பறதுக்கு ரொம்ப முன்னாடி. அதைச் செஞ்சவங்க எலும்பு கிடைக்கலை, டிஎன்ஏவும் இல்லை. ஆக "முதல் ஆள்" பட்டத்துக்கு நாம யாருமே லாயக்கில்லை.

எனக்கு இதுல முக்கியமாப் படறது வேற ஒண்ணு. பிரியா மூர்ஜானி, தங்கராஜ் குழுவினரோட 2013 ஆய்வுப்படி, இந்தக் கலப்பு பெரும்பாலும் 4,200-லிருந்து 1,900 வருஷங்களுக்கு முன்னாடி வரைக்கும் நடந்திருக்கு. அப்புறம் கதவைச் சாத்திட்டோம். 2017-ல் 263 தெற்காசிய சமூகங்களை ஆராய்ந்ததில் 81 சமூகங்கள், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட குறுகின வட்டத்துல இருந்து பெருகினவை. விளைவு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் வருது. ஆந்திர வைசியர்களில் சிலருக்கு ஒரு நொதிக் குறைபாட்டால் சில மயக்க மருந்துகள் ஆபத்து.

எனக்கும் வீட்டுல வரன் பார்க்கிறாங்க. பத்துப் பொருத்தமும் பார்க்கிறாங்க, அதுக்கு முன்னாடி "நம்ம ஆளுங்களா"ன்னும் பார்க்கிறாங்க. "காலங்காலமா இப்படித்தான்டா"ங்கறார் எங்க பெரியப்பா. காலங்காலமா இல்லை பெரியப்பா, சுமார் ரெண்டாயிரம் வருஷமாத்தான். அதுக்கு முன்னாடி நம்ம பாட்டன் பாட்டிங்க யாரும் சாதி கேட்டுக் கல்யாணம் பண்ணின மாதிரி தெரியலை. கதவைத் திறக்கச் சொல்லி விஞ்ஞானம் உத்தரவு போடாது, அது நம்ம மனசாட்சி வேலை. ஆனா "எங்க ரத்தம் சுத்தம்"னு சொல்லி சாத்தி வைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. அந்த ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு.

உங்க வீட்டுல என்ன சொல்றாங்க மக்களே?