வாகனத் தொழிலாளி யார்?

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதியன்று, ஜெர்மானிய இன்ஃபினியன் கம்பெனியார், தாம் சரக்கு விற்கும் சந்தைகள் மந்தமுற்றிருப்பதைக் காரணம் காட்டி, உலகெங்குமுள்ள தம் ஊழியர்களில் 1,400 பேரை நீக்கப்போவதாகவும், இன்னும் 1,400 பேருடைய வேலைகளைச் சம்பளச் செலவு குறைந்த தேசங்களுக்கு மாற்றப்போவதாகவும் அறிவித்தார்கள். மூன்று நாள் கழித்து, 8-ஆம் தேதி, பினாங்குப் பாலத்துக்கு அப்பால் கெடா மாநிலத்துக் கூலிமில், அதே கம்பெனியாரின் சிலிக்கன் கார்பைடு ஆலையின் முதற்கட்டத்தைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் திறந்து வைத்தார். அந்த முதற்கட்டத்துக்கு 200 கோடி யூரோ முதலீடு என்றும், அதில் 900 பேருக்கு வேலை என்றும், இரண்டாம் கட்டமும் முற்றுப்பெற்றால் அவ்வெண்ணிக்கை 4,000 வரை உயரும் என்றும் சொல்லப்பட்டது. முதற்செய்தியை வாசித்துக் கவலையுற்றவர்களையும், இரண்டாவதைக் கேட்டு அகமகிழ்ந்தவர்களையும் நாம் கண்டோம். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர்களைக் காண்பதுதான் அரிதாயிருந்தது.

சிலிக்கன் கார்பைடு என்பது யாது, அதற்கும் மோட்டார் வாகனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் மாணவனுக்கு நம் பயிற்சி ஆசிரியர்கள் சொல்ல வேண்டிய விடை சுருக்கமானதே. மின்வாகனத்தின் பேட்டரி தருவது நேர்மின்னோட்டம்; சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் பெரும்பாலும் கேட்பது மாறுமின்னோட்டம்; முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் சாதாரணச் சிலிக்கன் சில்லுக்குப் பதிலாகச் சிலிக்கன் கார்பைடுச் சில்லைப் பிரயோகித்தால் வெப்பமாக விரயமாகும் சக்தி குறைகிறது, ஒரே பேட்டரியில் வண்டி கூடுதலான தூரம் ஓடுகிறது. பழைய வாகனத்தில் சிலிண்டரும் பிஸ்டனும் வகித்த ஸ்தானத்தில் ஒரு பங்கை இந்தச் சில்லு வகிக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. அப்படியானால், பிஸ்டனை வார்த்தவனை வாகனத் தொழிலாளி என்று அழைத்து வந்த நாம், வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்து தூய அறையில் சில்லைச் சோதித்து நிற்கும் பெண்ணை என்ன பெயரிட்டு அழைக்கிறோம்? மின்னணுத் தொழிலாளி என்று. அந்தப் பெயரில்தான் சங்கடம் தொடங்குகிறது.

பினாங்கைப் பொறுத்தவரை இது புதிய சங்கடமும் அன்று. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வளாகம் திறக்கப்பட்டபோது முதலில் வந்து சேர்ந்த எட்டுக் கம்பெனிகளுள் ஜெர்மனியின் பாஷும் ஜப்பானின் கிளாரியனும் இருந்தன. வாகனங்களுக்கு வேண்டிய வானொலிக் கருவிகளோடு இவ்விரண்டின் பெயரும் இணைந்திருந்ததை நம்மில் வயதானவர்கள் அறிவார்கள். இத்தீவில் கார் உற்பத்தி பெருந்தொழிலாக வேரூன்றவில்லை. கார்களைப் பொருத்தும் ஆலைகளைக் காண வேண்டுமானால் கூலிமுக்கும் குரூணுக்கும் போக வேண்டும். இங்கே காரின் காதும் நரம்பும் மட்டும் செய்யப்பட்டு வந்தன. 1985 ஆகஸ்டு 3-ஆம் தேதி டாக்டர் மகாதீர் தேசத்தின் முதற்காரான புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த படத்தை இன்றும் கடைச் சுவர்களில் காணலாம். அந்தக் கார் ஷா ஆலாமிலிருந்து வந்தது, பாலம் மாத்திரம் நம்முடையது என்று அக்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னவர்கள், இன்றைய மின்வாகனத்தின் விலையில் கணிசமான பகுதி பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் கூலிமிலும் உருவாகும் சரக்கின் இனத்தைச் சேர்ந்தது என்பதை முன்கூட்டி எண்ணியிருக்க மாட்டார்கள். 2023 ஆகஸ்டில் பாஷ் கம்பெனியார் 6.5 கோடி யூரோ செலவில் சில்லுகளையும் உணரிகளையும் சோதிக்கும் நிலையமொன்றைப் பினாங்கில் திறந்ததும் இந்தத் தொடர்ச்சியின் ஓர் அத்தியாயமே.

பெயரால் விளைந்த சங்கடத்துக்கு வருவோம். போக்குவரத்துச் சாதனத் தொழிலாளருக்கென்று இந்நாட்டில் தேசிய அளவிலான ஒரு சங்கம் நெடுங்காலமாக உண்டு. மின்னணுத் தொழிலாளருக்கோ தேசியச் சங்கம் பல தசாப்தங்கள் மறுக்கப்பட்டது. 1980-களின் இறுதியில் ஆலைக்குள் அடங்கிய சங்கங்களும், அதற்கு இருபதாண்டுகளுக்குப் பின் வட்டார அளவிலான சங்கங்களும் மாத்திரம் அனுமதி பெற்றன. ஒரே வண்டிக்கு உழைக்கும் இருவர், சட்டத்தின் கண்ணில் இரு வேறு சாதியாராக வைக்கப்பட்டிருந்தார்கள். 2024 செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்த தொழிற்சங்கத் திருத்தச் சட்டம், சங்கத்தில் சேர்வதற்குத் தொழிற்பிரிவை வரம்பாக வைத்திருந்த விதியை நீக்கிவிட்டது. கதவு திறந்திருக்கிறது, எனினும் உள்ளே நுழையும் பழக்கம் நமக்கு இன்னும் ஏற்படவில்லை.

இந்தப் பழக்கம் ஏன் அவசரமானது என்பதற்குக் கிராக்கியின் சுபாவமே காரணம். மின்வாகனத்துக்கான கிராக்கி, அரிசிக்கும் உப்புக்கும் உள்ள கிராக்கியைப் போன்றதன்று. அது பெரும்பாலும் வரிச் சலுகை எழுதப்பட்ட நாட்காட்டியைப் பார்த்து எழுவதும் விழுவதுமாக இருக்கிறது. மலேசியாவில் 2022 ஜனவரி தொடங்கி, முழுமையாக இறக்குமதியாகும் மின்வாகனங்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் 2025 முடிவு வரை விலக்கப்பட்டன. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு அச்சலுகை 2027 முடிவு வரை. ஆகவே 2025-இன் கடைசி மாதங்களில் காட்சியறைகளில் எழுந்த பரபரப்பைக் கண்டு, மக்களின் மனம் மாறிவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் நாட்காட்டியைப் பார்க்க மறந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பிரஜைகளுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு விற்கப்படலாயிற்று என்பதும், 2025-க்குள் நிறுவப்படும் என்று சொல்லப்பட்ட 10,000 பொது மின்னேற்ற நிலையங்களில் ஏறக்குறையப் பாதியே அவ்வாண்டில் நிறைவேறியது என்பதும், இதே கிராக்கியை எதிர்த்திசையில் இழுக்கும் கயிறுகள். 2024-இல் நாட்டில் விற்ற எட்டு லட்சத்துச் சொச்சம் வாகனங்களில் முழு மின்வாகனங்கள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாகவே இருந்தன.

அரசாங்கம் சலுகை கொடுப்பது தவறென்று நாம் வாதிக்கவில்லை. சலுகை நிற்கும்போது, அதை நம்பி வண்டி வாங்கியவன் எதையும் இழப்பதில்லை, அதை நம்பி வேலைக்குச் சேர்ந்தவன் இழக்கிறான் என்பதையே சொல்கிறோம். ஜெர்மனியில் 2023 டிசம்பரில் மின்வாகன மானியம் ஏறக்குறைய ஒரே இரவில் நிறுத்தப்பட்டதும், அடுத்த ஆண்டு அங்கே மின்வாகன விற்பனை நூற்றுக்கு இருபத்தேழு பங்கு வீழ்ந்தது. பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில், மின்வாகனத்தை மாத்திரமே உற்பத்தி செய்து வந்த ஆடி ஆலை, அந்த வண்டிக்குக் கிராக்கி இல்லையென்று 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டு, ஏறக்குறைய மூவாயிரம் பேர் வீட்டுக்குப் போனார்கள். எதிர்காலத்தின் தொழிலில் இருக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அமெரிக்காவில் 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அக்டோபர் முடிவதற்குள் டெட்ராயிட்டின் மின்வாகன ஆலையொன்றில் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. சிலிக்கன் கார்பைடுக்கே பெயர்பெற்ற வுல்ஃப்ஸ்பீட் என்னும் அமெரிக்கக் கம்பெனி 2025 ஜூனில் திவால் பாதுகாப்புக் கோரியதையும் கூலிமில் வேலை செய்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

நம் முன்னோரின் தேசத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையை மூடுவதென்று 2021 செப்டம்பரில் முடிவாயிற்று. 2022-இன் தொடக்கத்தில், ஏற்றுமதிக்காக மின்வாகனம் செய்யும் திட்டமொன்றுக்காக இந்திய அரசின் ஊக்கத் தொகைப் பட்டியலில் அதே கம்பெனி இடம்பெற்றபோது, அத்தொழிலாளரின் உள்ளத்தில் என்ன நம்பிக்கை துளிர்த்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. கோடைக்குப் பின் கடைசி வண்டியும் வெளியேறியது.

மின்வாகனத்தால் வேலை குறையுமா, கூடுமா என்னும் பிரசித்தமான விவாதத்தில் நமக்கு அதிக சிரத்தை இல்லை. ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி 2022-இல், மின்வாகனம் செய்ய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்த ஆட்பலம் போதும் என்றார். பேட்டரிச் செல்களையும் கணக்கில் சேர்த்தால் வேலை கூடவும் கூடும் என்று கார்னெகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரு தரப்பாரும் உண்மையே சொல்லியிருக்கலாம். குறையும் வேலை ஓரூரிலும் கூடும் வேலை வேறூரிலும் இருப்பதுதான் விஷயம். இன்றைக்கு நம் ஊர் கூடும் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒன்றே நம்மை மெத்தனமாக்கிவிடக் கூடாது.

இதுவரை ஆலையைப் பேசினோம். பட்டறையைப் பேசாமல் விடுவது நம் வாசகர்களில் பாதிப் பேரை விட்டுவிடுவதாகும். பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ஜெலுத்தோங்கிலும், ஒரு ஜாக்கியையும் ஒரு ஸ்பேனர் பெட்டியையும் மூலதனமாகக் கொண்டு, ஒரு தலைமுறையை வளர்த்து ஆளாக்கிய மெக்கானிக்குகள் எத்தனையோ பேர். பினாங்கின் ஹோண்டா வியாபாரத்தை நிறுவிய லோ பூன் சியூவே பட்டறையில் எண்ணெய்க் கறையோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்தாம்; அவர் பரப்பிய கப்சாய் மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்த்தே பல குடும்பங்கள் ஜீவித்தன. இவர்களுக்கு மின்வாகனம் கொண்டுவரும் இடர், உதிரிப் பாகங்கள் குறைவது மாத்திரமன்று. 2025 டிசம்பரில் பெரோடுவா வெளியிட்ட கியூவி-ஈ என்னும் காரின் விலை 80,000 வெள்ளி. பேட்டரிக்குத் தனியே மாதம் 275 வெள்ளி வாடகை. வாங்குபவருக்கு இது சௌகரியமாக இருக்கலாம். ஆனால் வண்டி ஒருவருக்கும் அதன் உயிர்நாடி கம்பெனிக்கும் சொந்தமாயிருக்கும்போது, அந்தப் பேட்டரியின் மூடியைத் திறக்கும் உரிமை தெருமுனை மெக்கானிக்குக்கு எக்காலத்தும் கிட்டப் போவதில்லை. அவருடைய கைத்திறன் குறைந்துவிடவில்லை. அதைக் காட்ட இடம்தான் இல்லாமற் போகிறது.

இந்த நிலையில் தொழிற்பயிற்சி ஆசிரியர்களாகிய நாம் என்ன கற்பிப்பது? கிராக்கி ஏறும் வருஷத்தில் மின்வாகன வகுப்பென்று பலகை மாட்டி மாணவரைத் திரட்டுவதும், அது இறங்கும் வருஷத்தில் பலகையைக் கழற்றுவதுமாகிய வழக்கம் சில இடங்களில் தலைகாட்டியிருக்கிறது. காட்சியறையைப் பார்த்துப் பாடத்திட்டம் எழுதுவது பிழை என்பதே இவ்விதழின் தீர்மானமான அபிப்பிராயம். ஆரஞ்சு வண்ண உறையிட்ட வடத்தைக் கண்டால் தொடாமல் நிற்பது, இணைப்பைத் துண்டித்தபின் மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை குறிப்பிட்ட நிமிஷங்கள் காத்திருப்பது, மின்னழுத்தம் இல்லை என்பதைக் கருவியால் அளந்து உறுதிசெய்வது, அளக்கும் கருவியையே முதலில் சோதித்துக்கொள்வது, கையுறையில் ஊசித் துளை உண்டாவென்று காற்றடைத்துப் பார்ப்பது: இவை முழு மின்வாகனத்துக்கு எத்தனை அவசியமோ, இப்போதே நம் வீதிகளில் ஓடும் கலப்பின வாகனங்களுக்கும் அத்தனை அவசியம். கிராக்கி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இந்தப் பாடம் வீணாகாது. அளவீட்டியலும் மின்னியலின் அடிப்படையும் கற்ற ஒருத்தி, சில்லுச் சோதனை அறையிலிருந்து நீக்கப்பட்டாலும் மின்னேற்ற நிலையப் பராமரிப்புக்குப் போகலாம். இயந்திரத்தின் ஒரு பொத்தானை அமுக்க மட்டும் கற்பிக்கப்பட்டவள் எங்கே போவாள்?

வேலை இழந்தவருக்கு, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின், 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் ஆறு மாதம் வரை கைகொடுக்கிறது. முதல் மாதத்தில் சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, பின்னர் படிப்படியாகக் குறைந்து முப்பது. அந்த ஆறு மாதத்துக்குள் முடியக்கூடிய, அதே சமயம் கூலியாளைத் தொழிலறிந்தவராக்கக்கூடிய பாடநெறிகளை வகுப்பது நம்மால் ஆகக்கூடிய காரியம். தொழிற்சாலைகளும் அரசாங்கமும் பங்குசேர்ந்து 1989-இல் நிறுவிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம், ஒரு கம்பெனியின் தேவைக்காக அன்றி ஒரு வட்டாரத்தின் தேவைக்காகப் பயிற்சியளிக்க முடியும் என்பதை முன்னமே காட்டியிருக்கிறது. அந்த வழியில் பட்டறை உரிமையாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரிச் சலுகை பெறும் கம்பெனிகள், தம் பழுதறியும் முறைகளையும் கருவிகளையும் நியாயமான கட்டணத்தில் வெளிப் பட்டறைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதைச் சலுகையின் நிபந்தனையாகவே எழுதும்படி கேட்பதற்கும் தயங்கக் கூடாது; 2027-இல் அடுத்த காலக்கெடு வரும்போது கேட்பதைவிட இன்றைக்கே கேட்பது உசிதம்.

இதற்கெல்லாம் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எந்தக் காட்சியறையிலும் கிடைக்காது. ஆகையால் வாசக அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். பட்டறை நடத்துவோர், இவ்வாண்டு தங்களிடம் வந்த மின்வாகனங்களும் கலப்பின வாகனங்களும் எத்தனை, அவற்றுள் கருவியோ அனுமதியோ இல்லாமல் திருப்பி அனுப்பியவை எத்தனை என்பதையும், பயிற்சி ஆசிரியர்கள், மின்னணு ஆலைகளிலிருந்து நீங்கித் தங்கள் வகுப்புகளில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அடுத்த இதழுக்குள் எமக்குக் கிட்டுமாறு அனுப்புங்கள்.