காமிராவா, வெளிச்சமா?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை ஒரே ஜனக்கூட்டம்தான். குளித்தவர்கள் தலையைத் துவட்டிக் கொள்வதற்கு முன்பே படம் எடுத்துக் கொள்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன். ஒவ்வொரு செல்போனிலும் ஒரு காமிரா!

இந்தக் காலத்தில் தென்காசியில் ஓர் இளைஞர் போட்டோ ஸ்டூடியோ வைக்கப் போவதாகச் சொன்னால், "யாரப்பா வருவார்கள்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால், பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும் என்றாலும், குழந்தைக்கு ஆண்டு நிறைவு என்றாலும், தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றாலும், செல்போனைப் பையில் வைத்துவிட்டு ஸ்டூடியோவைத் தேடி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரணம் என்ன? காமிரா எல்லோரிடமும் இருக்கிறது. நல்ல வெளிச்சம் எல்லோரிடமும் இல்லை. ஸ்டூடியோக்காரர் விற்கும் சரக்கு அந்த வெளிச்சம்தான்.

இதை மறந்துவிட்டுத் தொழில் தொடங்குகிறவர்கள் உண்டு. அம்மாவின் நகையை அடகு வைத்து விலை உயர்ந்த காமிராவை வாங்குகிறார்கள். மிச்சம் இருக்கும் பணத்துக்கு அகப்பட்ட பல்புகளை வாங்கி மாட்டுகிறார்கள். 2015-ல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில், 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. அந்தத் தொகை முழுவதையும் ஒரு காமிராவே விழுங்கிவிட்டால், மாதத் தவணைக்கு எங்கே போவது?

பாட்டன் காலத்துப் பாடம்

மின்விளக்கு பரவாத நாளில் ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடிக் கூரை போட்டுப் பகல் வெளிச்சத்திலேயே படம் பிடித்தார்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. அந்தக் காலத்துப் படங்களில் முகம் எவ்வளவு தெளிவு! வெளிச்சத்தின் போக்கை அறிந்தவர்கள் எடுத்தவை அவை.

அந்த வித்தையைக் காசில்லாமலே கற்கலாம். வெயில் நேராக விழாத சன்னல் ஓரத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். வெயில் விழுகிற சன்னலானால், குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். முகத்தின் மறுபக்கம் இருட்டாக இருந்தால், அங்கே ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். சாரல் காலத்து மேகமே பெரிய வெள்ளைத் திரைதான். அந்த வகையில் தென்காசி கொடுத்து வைத்த ஊர்.

எந்த விளக்கு?

ஆனால் மேகத்தை நம்பிக் கடை நடத்த முடியாது. மாலையில் வருகிறவரை, "நாளைக் காலையில் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பவும் முடியாது. ஆகவே கடன் பணத்தில் முதல் பங்கு விளக்குக்குத்தான். நான்கு மட்டமான விளக்குகளை விட ஒரு நல்ல விளக்கு மேல்.

தொடக்கக்காரருக்கு எல்.இ.டி. விளக்கு வசதி. நிழல் எங்கே விழுகிறது என்பது படம் எடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும், வீடியோவுக்கும் உதவும். ஓரிடத்தில் நிற்காத குழந்தைகளைப் பிடிக்க 'பிளாஷ்' மேல். கண் சிமிட்டும் நேரத்துக்குள் அது அசைவை உறையவைத்துவிடும்.

விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100-க்கு இத்தனை என்று ஒரு கணக்கு உண்டு. சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வீட்டு எல்.இ.டி. பல்புகளில் பல 80-ஐ ஒட்டியவை. படத்துக்கு 95-க்குக் குறையாதது வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணப் பெண்ணின் அரக்குச் சேலை பழுப்பாகிவிடும். படம் எடுக்கும்போது அறையில் உள்ள டியூப் லைட்டையும் அணைத்துவிட வேண்டும். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் முகத்தின் நிறம் கெடும்.

விளக்கின் முன்னே பெரிய துணிப்பெட்டியோ வெள்ளைக் குடையோ அவசியம். வெளிச்சம் பெரிய பரப்பிலிருந்து, அருகிலிருந்து வந்தால் நிழல் மென்மையாகும். விளக்கை இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகாது, கால்பங்காகிவிடும். ஆளைச் சுவரிலிருந்து நான்கைந்து அடி முன்னே உட்கார வைத்தால் பின்னால் நிழல் விழாது. விளக்குத் தாங்கியின் காலில் ஒரு மணல் மூட்டையை வைக்க மறக்கக் கூடாது. குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் அல்லவா?

மிச்சப் பணத்துக்கு

இதற்குப் பிறகு காமிரா. நம்பிக்கையான இடத்தில், சோதித்துப் பார்த்து வாங்கினால், பழைய காமிரா போதும். அதோடு ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ். முகத்தைப் படம் பிடிக்க ஏற்றது, விலையும் குறைவு.

குற்றாலக் காற்று உடம்புக்கு நல்லது, லென்ஸுக்கு அல்ல. ஈரம் தங்கினால் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவும் அந்த நஷ்டத்தைத் தடுக்கும்.

"பெரிய காமிரா இருந்தால்தான் கல்யாண வீட்டில் மதிப்பார்கள்" என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கல்யாண ஆர்டர்தான் பணம் தரும். அதற்கும் வழி உண்டு: முகூர்த்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக் கொள்ளலாம். வாடகை அன்றோடு போகும். கடனுக்கு வட்டி தினமும் ஏறும்.

வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தைப் பார்க்கிறவர்கள், எந்தக் காமிராவில் எடுத்தது என்று கேட்பதில்லை. பாட்டியின் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். புதிதாகக் கடை திறக்கும் இளைஞர் அந்த முகத்துக்கு முதலில் ஒரு நல்ல விளக்கை ஏற்றட்டும். பெரிய காமிராவை, கடை சம்பாதித்துக் கொடுத்த பிறகு வாங்கிக் கொள்ளலாம்.